ரோல்ஃபிங்

ரோல்ஃபிங் என்பது தசைகளையும் அவற்றைச் சூழ்ந்துள்ள இணைப்புத் திசுப் படலங்களையும் கைகளால் ஆழமாக அழுத்தி, நீட்டி, இளக்குவதன் மூலம் உடல் தோரணையைச் சீர்படுத்த முயலும் ஒரு கைவழி உடற்பண்டுவ முறை ஆகும். ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த உயிர்வேதியியலாளர் ஐடா பவுலின் ரோல்ஃப் (1896–1979) இதனை உருவாக்கினார். இதன் முறையான பெயர் 'கட்டமைப்பு ஒருங்கிணைப்பு' எனப் பொருள்படும் ஸ்ட்ரக்சரல் இன்டெக்ரேசன் என்பதாகும். மாற்று மருத்துவ முறைகளுள் ஒன்றாகவே இது வகைப்படுத்தப்படுகின்றது.

மனித உடல் புவியீர்ப்பு விசைக்கு ஏற்ப நேராக அடுக்கப்பட்டிருந்தால் தசைகளுக்கு வேலை குறையும் என்பதும், திசுப்படலங்கள் சுருங்கி இறுகுவதால் இந்த நேரமைவு கெடுகின்றது என்பதும், அவற்றைக் கையால் இளக்கி உடலை மீண்டும் நேராக்கலாம் என்பதும் இம்முறையின் அடிப்படைக் கருத்துகள் ஆகும். பத்து அமர்வுகள் கொண்ட தொடராக இது அளிக்கப்படுகின்றது. தொடக்க காலத்தில் கடும் வலி தரும் முறையாக இது பெயர் பெற்றிருந்தது. இம்முறையால் உடல் இலகுவானதாக உணர்ந்தவர்கள் பலர் உள்ளனர். எனினும் இதன் கோட்பாட்டிற்கும் நோய் நீக்கும் ஆற்றலுக்கும் போதிய அறிவியல் சான்றுகள் இல்லை என்பதே மருத்துவ ஆய்வுகளின் பொதுவான முடிவாக இருக்கின்றது.

பெயர்

ஐடா ரோல்ஃப் தொடக்கத்தில் தமது முறையைத் 'தோரணைத் தளர்வு' என்ற பொருள்படும் பெயராலும், பின்னர் 'கட்டமைப்பு ஒருங்கிணைப்பு' என்றும் அழைத்தார். 1960களில் கலிபோர்னியாவில் அவரிடம் பண்டுவம் பெற்றவர்கள், அவரது குடும்பப் பெயரை வினைச்சொல்லாக்கி 'ரோல்ஃபிங்' என்று வழங்கத் தொடங்கினர். இப்பெயரே நிலைத்துவிட்டது. 'ரோல்ஃபிங்' என்பது ஐடா ரோல்ஃப் நிறுவிய கல்விக்கழகத்தின் பதிவு செய்யப்பட்ட வணிகக் குறியீடு ஆகும். எனவே அங்கு பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே இப்பெயரைப் பயன்படுத்த முடியும். அதே முறையைப் பிற பள்ளிகளில் கற்றவர்கள் 'கட்டமைப்பு ஒருங்கிணைப்பு' என்ற பொதுப்பெயரைப் பயன்படுத்துகின்றனர்.

வரலாறு

ஐடா ரோல்ஃப்

ஐடா ரோல்ஃப் 1896ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் நியூயார்க்கில் பிறந்தார். 1916இல் பர்னார்டு கல்லூரியில் பட்டம் பெற்ற இவர், 1920இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றார். பெண்கள் அறிவியல் ஆய்வில் ஈடுபடுவது அரிதாக இருந்த அக்காலத்தில், ராக்ஃபெல்லர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் ஆய்வாளராகப் பணியாற்றினார். லெசித்தின், செபாலின் முதலிய கொழுப்புப் பொருட்கள் பற்றி அவர் ஆய்வு செய்தார்.

வேதியியலை விட்டு உடற்பண்டுவத்தின் பக்கம் அவர் திரும்பியதற்குப் பல தாக்கங்கள் காரணமாயின. 1874இல் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கிய ஆஸ்டியோபதி என்னும் எலும்பு–தசைச் சீரமைப்பு முறை அவற்றுள் ஒன்று. உடலின் அமைப்பு அதன் செயலைத் தீர்மானிக்கின்றது என்ற கருத்தை அவர் அம்முறையிலிருந்து பெற்றார். மற்றொன்று யோகம். நியூயார்க் மாநிலத்தின் நயாக் என்னும் ஊரில் பியர் பெர்னார்டு என்பவர் அமெரிக்கர்களுக்கு அட யோகம் கற்பித்து வந்தார். அவரிடம் ரோல்ஃப் யோகம் பயின்றார். உடலை நீட்டுவதால் மூட்டுகளுக்கு இடையே இடைவெளி உண்டாகின்றது என்ற எண்ணம் அவரது பிற்காலப் பணியில் தொடர்ந்து காணப்படுகின்றது.

1940ஆம் ஆண்டளவில், விபத்தில் கை பாதிக்கப்பட்டுப் பியானோ வாசிக்க இயலாமல் போன இசை ஆசிரியை ஒருவருக்கு உதவியதே தமது பணியின் தொடக்கம் என்று ரோல்ஃப் பிற்காலத்தில் கூறியுள்ளார். ஆசிரியையின் கை சீரானால், அவர் ரோல்ஃபின் பிள்ளைகளுக்கு இசை கற்பிக்க வேண்டும் என்பது இருவருக்குமிடையிலான ஏற்பாடாக இருந்தது. இதன் பின்னர், பிற மருத்துவ முறைகளால் பயன் பெறாதவர்கள் பலர் அவரை நாடி வந்தனர்.

எசலென் காலம்

1962இல் மைக்கேல் மர்ஃபி, ரிச்சர்டு பிரைஸ் ஆகியோர் கலிபோர்னியாவின் பிக் சர் கடற்கரையில் எசலென் நிறுவனத்தைத் தொடங்கினர். மாற்று உளவியல், தியானம், உடற்பயிற்சி முறைகள் ஆகியவற்றின் மையமாக அது விளங்கியது. அங்கு தங்கியிருந்த கெஸ்டால்ட் உளமருத்துவர் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் இதயநோயால் துன்புற்று வந்தார். அவருக்குப் பண்டுவம் செய்வதற்காக 1960களின் நடுப்பகுதியில் ரோல்ஃப் எசலெனுக்கு அழைக்கப்பட்டார். அதன் பயனைப் பெர்ல்ஸ் வெளிப்படையாகப் பாராட்டியதால் இம்முறை பரவலாக அறியப்பட்டது. அப்பொழுது ரோல்ஃப் ஏறக்குறைய 70 வயதை அடைந்திருந்தார்.

1971இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் ரோல்ஃப் கல்விக்கழகம் நிறுவப்பட்டது. 1977இல் மனித உடலமைப்புகளின் ஒருங்கிணைப்புப் பற்றிய ரோல்ஃபின் முதன்மை நூல் வெளிவந்தது. 1979ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் அவர் காலமானார். அவரது மறைவுக்குப் பின் மாணவர்களிடையே கருத்து வேறுபாடு தோன்றி, சிலர் தனிப்பள்ளி அமைத்தனர். மூல நிறுவனம் பின்னாளில் டாக்டர் ஐடா ரோல்ஃப் கல்விக்கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

திசுப்படலம்

ரோல்ஃபிங்கைப் புரிந்துகொள்ள, ஃபேசியா எனப்படும் திசுப்படலம் பற்றி அறிதல் தேவையாகும். ஆரஞ்சுப் பழத்தை உரிக்கும்போது, சுளைகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் வெண்தோல்களும், ஒவ்வொரு சுளையினுள்ளும் சாறுள்ள சிறு முத்துகளைச் சூழ்ந்துள்ள மெல்லிய தோல்களும் காணப்படுகின்றன. ஏறக்குறைய இதைப் போலவே உடலில் ஒவ்வொரு தசையையும், தசையினுள் இருக்கும் நார்க்கற்றைகளையும், உள்ளுறுப்புகளையும் திசுப்படலம் சூழ்ந்துள்ளது. இறைச்சியைத் துண்டு போடும்போது தசையின் மேல் காணப்படும் வெண்ணிறச் சவ்வும் இதுவே.

திசுப்படலம் பெரும்பாலும் கொலாசன் என்னும் புரத நார்களால் ஆனது. இழுவிசையைத் தாங்கும் ஆற்றல் கொலாசனுக்கு மிகுதி. இதனுடன் மீள்தன்மை தரும் இலாசுட்டின் நார்களும், நார்களை உருவாக்கும் உயிரணுக்களும், அவற்றிடையே ஐயலுரோனன் கலந்த வழவழப்பான பொருளும் உள்ளன. இந்த வழவழப்புப் பொருள், படலத்தின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல உதவுகின்றது. தொடையின் வெளிப்பக்கத்திலும், உள்ளங்காலிலும், கீழ்முதுகிலும் திசுப்படலம் தடித்தும் வலுவாகவும் காணப்படுகின்றது.

உடற்கூற்றியல் வகுப்புகளில் தசைகளைத் தெளிவாகக் காண்பதற்காக இப்படலம் நெடுங்காலமாக வெட்டி அகற்றப்பட்டே வந்தது. ரோல்ஃப் இதனை உடலின் வடிவத்தைத் தாங்கும் உறுப்பாகக் கருதி முதன்மைப்படுத்தினார். திசுப்படலம் பற்றிய முதலாவது பன்னாட்டு ஆய்வு மாநாடு 2007இல் பாஸ்டன் நகரில் ஆர்வர்டு மருத்துவப் பள்ளியில் நடைபெற்றது. அதன் பின்னர் இத்துறையில் ஆய்வுகள் பெருகின. இவ்வகையில், பண்டுவம் பற்றிய கருத்துகள் எவ்வாறாயினும், புறக்கணிக்கப்பட்ட ஒரு திசுவின் பால் கவனத்தை ஈர்த்தவர்களுள் ரோல்ஃபும் ஒருவராகின்றார்.

கோட்பாடு

தலை, மார்பு, இடுப்பு, கால்கள் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்ட கட்டைகளாக ரோல்ஃப் கற்பனை செய்தார். கட்டைகள் நேராக அடுக்கப்பட்டிருந்தால் அவை எளிதாக நிற்கும். ஒரு கட்டை முன்னே நகர்ந்தால், மற்றொன்று பின்னே நகர்ந்தே சமநிலையைக் காக்க முடியும். அவ்வாறு கோணிய அடுக்கைத் தாங்கிப் பிடிக்கத் தசைகள் இடைவிடாது உழைக்க வேண்டியுள்ளது. காயம், ஒரே நிலையில் நெடுநேரம் இருக்கும் வேலை, பழக்கம், மன அழுத்தம் ஆகியவற்றால் இக்கோணல் உண்டாகின்றது என்றும், உடல் அதற்கேற்பத் திசுப்படலத்தைத் தடிக்கச் செய்து அந்நிலையை உறுதியாக்கிவிடுகின்றது என்றும் அவர் கருதினார். உடலை நேராக்கிவிட்டால் அதன் பின் புவியீர்ப்பு விசையே பண்டுவராகச் செயற்படும் என்பது அவரது கொள்கையின் சாரமாகும்.

திசுப்படலம் எவ்வாறு இளகுகின்றது என்பதற்கு அவர் வேதியியல் விளக்கம் ஒன்றை அளித்தார். சில பொருட்கள் அசையாமல் இருக்கும்போது கெட்டியாகவும், கலக்கும்போது இளகியும் காணப்படும். மூடி வைத்திருந்த பூச்சு வண்ணம் கலக்கியவுடன் இளகுவது இதற்கு எடுத்துக்காட்டு ஆகும். அழுத்தமும் அதனால் உண்டாகும் வெப்பமும் திசுப்படலத்தின் நிரப்புப் பொருளை இவ்வாறே இளக்குகின்றன என்று அவர் விளக்கினார்.

பத்து அமர்வுகள்

ரோல்ஃப் தமது மாணவர்களுக்குக் கற்பிப்பதற்காகப் பண்டுவத்தைப் பத்து அமர்வுகளாக ஒழுங்குபடுத்தினார். சமையற் குறிப்புப் போல வரிசை மாறாது பின்பற்றப்படுவதால், இது பண்டுவர்களிடையே 'செய்முறைக் குறிப்பு' என்றே அழைக்கப்பட்டது. முதல் மூன்று அமர்வுகள் மேற்புற அடுக்குகளையும், அடுத்த நான்கு ஆழத்திலுள்ள அடுக்குகளையும், இறுதி மூன்று உடல் முழுவதையும் ஒருங்கிணைப்பதையும் நோக்கமாகக் கொண்டவை.

* முதல் அமர்வு: விலாப்பகுதி, தோள். மூச்சு தடையின்றி விரிவது இதன் நோக்கம்.
* இரண்டாம் அமர்வு: பாதம், கணுக்கால், கீழ்க்கால். உடலுக்கு உறுதியான அடித்தளம் அமைத்தல்.
* மூன்றாம் அமர்வு: உடலின் பக்கவாட்டுப் பகுதிகள். முன்புறத்திற்கும் பின்புறத்திற்கும் இடையே சமநிலை காணுதல்.
* நான்காம் அமர்வு: கால்களின் உட்புறம் முதல் இடுப்புக்கூட்டின் அடிப்பகுதி வரை.
* ஐந்தாம் அமர்வு: வயிற்றுப்பகுதி. முதுகெலும்பையும் தொடை எலும்பையும் இணைக்கும் சோவாஸ் தசையின் மீது சிறப்புக் கவனம் செலுத்தப்படும்.
* ஆறாம் அமர்வு: கால்களின் பின்புறம், இடுப்பின் பின்புறம், கீழ்முதுகு.
* ஏழாம் அமர்வு: கழுத்து, தலை, முகம். வாயின் உட்பகுதித் தசைகளும் இதில் அடங்கும்.
* எட்டாம், ஒன்பதாம் அமர்வுகள்: உடலின் மேற்பாதியையும் கீழ்ப்பாதியையும் தனித்தனியே நடுப்பகுதியுடன் இணைத்தல்.
* பத்தாம் அமர்வு: உடல் முழுவதையும் ஒரே அமைப்பாகச் சமப்படுத்தி நிறைவு செய்தல்.

வலி உள்ள இடத்தை மட்டும் கவனிக்காமல், உடல் முழுவதையும் வரிசையாக எடுத்துக்கொள்வது இம்முறையின் தனித்தன்மையாகும். எடுத்துக்காட்டாக, கழுத்து வலியுடன் வருபவருக்கும் இரண்டாம் அமர்வில் பாதமும் கீழ்க்காலுமே கவனிக்கப்படும்.

ஓர் அமர்வு நடைபெறும் விதம்

ஓர் அமர்வு வழக்கமாக 60 முதல் 90 நிமிடங்கள் வரை நீடிக்கும். பண்டுவம் பெறுபவர் உள்ளாடையுடன் நின்று, நடந்து காட்ட, பண்டுவர் அவரது தோள்களின் உயரம், இடுப்பின் சாய்வு, பாதம் ஊன்றும் விதம் ஆகியவற்றை உற்றுநோக்குவார். தொடரின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒளிப்படம் எடுத்து ஒப்பிடும் வழக்கமும் உண்டு. பின்னர் பண்டுவம் பெறுபவர் தாழ்வான மேசையில் படுக்க வைக்கப்படுவார்.

பண்டுவர் தமது விரல் நுனிகள், விரல் முட்டிகள், முன்கை, முழங்கை ஆகியவற்றைப் பயன்படுத்தி மெதுவாக அழுத்துவார். கை வழுக்காதிருப்பதற்காக எண்ணெய் மிகக் குறைவாகவே பயன்படுத்தப்படும். அல்லது தவிர்க்கப்படும். அழுத்தம் தரப்படும்போது, பண்டுவம் பெறுபவர் வெறுமனே படுத்திராமல், சொல்லியவாறு முழங்காலை மடக்குதல், கணுக்காலை அசைத்தல், ஆழ்ந்து மூச்சு விடுதல் முதலியவற்றைச் செய்ய வேண்டும்.

வலி

ரோல்ஃபும் அவரது முதல் தலைமுறை மாணவர்களும் மிகுந்த அழுத்தத்தைப் பயன்படுத்தினர். எரிச்சல், குத்துதல், கிழிபடுவது போன்ற உணர்வு எனப் பலவாறாக அக்காலத்து வலி விவரிக்கப்பட்டுள்ளது. வலி மிகுந்தால் பயனும் மிகும் என்ற நம்பிக்கையும் சிலரிடம் நிலவியது. இந்நம்பிக்கைக்குச் சான்று இல்லை. உடல் வலியை எதிர்கொள்ளும்போது தசைகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே இறுகுகின்றன. இளக்க வேண்டிய தசையே மேலும் இறுகுவதால், தாங்க இயலாத வலி பண்டுவத்தின் நோக்கத்திற்கே எதிரானது. பிற்காலத்துப் பண்டுவர்கள் பலர் மென்மையான அணுகுமுறைக்கு மாறியுள்ளனர். வலி எல்லை மீறும்போது நிறுத்தச் சொல்லும் உரிமை பண்டுவம் பெறுபவருக்கு எப்போதும் உண்டு.

பிற முறைகளுடன் ஒப்பீடு

ரோல்ஃபிங் பெரும்பாலும் 'ஆழ்திசு மசாஜ்' எனப்படும் முறையுடன் குழப்பிக்கொள்ளப்படுகின்றது. இரண்டிலும் அழுத்தம் ஆழமாகவே தரப்படுகின்றது. ஆயினும் ஆழ்திசு மசாஜ் குறிப்பிட்ட தசையின் இறுக்கத்தையும் வலியையும் குறைப்பதை நோக்கமாகக் கொண்டது. ரோல்ஃபிங்கோ உடல் முழுவதன் அமைவை மாற்ற முயல்கின்றது. எண்ணெய் தடவி நீவிவிடும் சுவீடிய மசாஜ் இவ்விரண்டையும் விட மென்மையானது. அது தளர்வையே முதன்மை நோக்கமாகக் கொண்டது.

ஆஸ்திரேலிய நடிகர் ஃபிரெடரிக் மத்தியாஸ் அலெக்சாண்டர் (1869–1955) உருவாக்கிய அலெக்சாண்டர் உத்தியும், மோசே ஃபெல்டன்கிரைஸ் (1904–1984) உருவாக்கிய முறையும் உடல் தோரணை பற்றியவையே. ஆனால் அவை திசுவை அழுத்துவதற்குப் பதிலாக, அசைவுப் பழக்கங்களைக் கவனித்து மாற்றிக்கொள்ளக் கற்பிக்கின்றன.

ரோல்ஃபிங்கிலிருந்து கிளைத்த முறைகளும் உள்ளன. ஜோசப் எல்லர் 1970களின் இறுதியில் எல்லர்வொர்க் என்னும் முறையைத் தொடங்கினார். ஜூடித் ஆஸ்டன் அசைவுப் பயிற்சிக்கு முதன்மை தரும் முறை ஒன்றை உருவாக்கினார். ரோல்ஃபின் மாணவரான தாமஸ் மையர்ஸ், திசுப்படலத் தொடர்கள் வழியாகத் தசைகள் தலை முதல் கால் வரை இணைந்துள்ளன என்ற கருத்தை 2001இல் நூலாக வெளியிட்டார்.

அறிவியல் ஆய்வுகள்

கையால் திசுப்படலத்தை மாற்ற இயலுமா?

ரோல்ஃபிங்கின் அடிப்படை இக்கேள்வியையே சார்ந்துள்ளது. 2008இல் வெளியான ஒரு கணித மாதிரி ஆய்வு, உள்ளங்கால், தொடையின் வெளிப்புறம் ஆகிய இடங்களிலுள்ள உறுதியான திசுப்படலங்களை 1 விழுக்காடு அளவுக்குக் கூட அழுத்திச் சுருக்கவோ சரிக்கவோ தேவையான விசை, மனித உடலின் இயல்பான எல்லைக்கு அப்பாற்பட்டது என்று காட்டியது. மூக்கின் மேற்புறப் படலம் போன்ற மென்மையான படலங்கள் மட்டுமே மிதமான விசைக்கு உருமாறின.

இளகுதல் பற்றிய விளக்கத்திலும் சிக்கல் உள்ளது. அவ்வாறு இளகும் பொருள், கலக்குவதை நிறுத்தியதும் மீண்டும் கெட்டியாகிவிடும். எனவே நிலையான மாற்றத்தை அதனால் விளக்க இயலாது. செருமனியைச் சேர்ந்த மனித உயிரியலாளரும் ரோல்ஃபிங் பண்டுவருமான ராபர்ட் சிலைப் 2003இல் மாற்று விளக்கம் ஒன்றை முன்வைத்தார். திசுப்படலத்தில் அழுத்தத்தையும் நீட்சியையும் உணரும் நரம்பு முனைகள் நிறைந்துள்ளன. மெதுவான அழுத்தம் இவற்றைத் தூண்ட, நரம்பு மண்டலம் தசைகளுக்குச் செல்லும் கட்டளையைக் குறைக்கின்றது என்பது அவரது கருத்து. இதன்படி, பண்டுவரின் கையில் திசு 'உருகுவது' போலத் தோன்றுவது திசுவின் உருமாற்றத்தால் அன்று, நரம்பு மண்டலத்தின் மறுமொழியால் ஆகும்.

தோரணைக்கும் வலிக்கும் உள்ள தொடர்பு

கோணலான தோரணையே முதுகுவலிக்குக் காரணம் என்பது பரவலான நம்பிக்கை. எனினும் முதுகெலும்பின் வளைவுகளுக்கும் உடல்நலத்திற்கும் உள்ள தொடர்பைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான மதிப்பாய்வு, வளைவுகளின் அளவு வலியுடன் தொடர்புடையது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று முடிவு செய்தது. கூன் விழுந்த பலருக்கு வலி இருப்பதில்லை. நேராக நிற்கும் பலருக்கு வலி இருக்கின்றது. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே சரியான தோரணை உண்டு என்பதும் நிறுவப்படவில்லை. ஒரே நிலையில் நெடுநேரம் அசையாதிருப்பதைத் தவிர்த்தல், நிலையை அடிக்கடி மாற்றிக்கொள்ளுதல் ஆகியவையே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றன.

இறுக்கம் என்ற உணர்வும் இவ்வாறே ஆராயப்பட்டுள்ளது. நாட்பட்ட முதுகுவலி உடையோரிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஓர் ஆய்வில், முதுகு இறுகியிருப்பதாக உணர்ந்தவர்களின் முதுகு, கருவியால் அளந்தபோது மற்றவர்களின் முதுகை விட இறுக்கமாக இருக்கவில்லை. இறுக்கம் என்பது திசுவின் நிலையை நேரடியாகக் காட்டும் அளவீடு அன்று. உடலைக் காக்கும் பொருட்டு மூளை உருவாக்கும் உணர்வாகவும் அது இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் விளக்கினர். அவ்வுணர்வு பொய்யானது என்பது இதன் பொருள் அன்று. அதனால் படும் துன்பம் உண்மையானதே. ஆனால் அதனைக் குறைக்கத் திசுவை வலிந்து நசுக்க வேண்டும் என்ற முடிவு அதிலிருந்து பெறப்படுவதில்லை.

மருத்துவச் சோதனைகள்

ரோல்ஃபிங் பற்றிய மருத்துவச் சோதனைகள் எண்ணிக்கையில் குறைவு. பெரும்பாலானவை சிறிய அளவில் நடத்தப்பட்டவை. 1988இல் வெளியான ஓர் ஆய்வு, ரோல்ஃபிங் அழுத்தத்தின் பின் இடுப்பின் சாய்வுக் கோணத்திலும், உடலை ஓய்வு நிலைக்குக் கொண்டுவரும் தன்னியக்க நரம்புச் செயற்பாட்டிலும் மாற்றங்களைப் பதிவு செய்தது.

2015இல் வெளியான ஒரு முன்னோட்டச் சோதனை குறிப்பிடத்தக்கது. இதில் நாட்பட்ட கீழ்முதுகு வலியுடைய 46 பேர் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் வழக்கமான புறநோயாளர் மறுவாழ்வுப் பண்டுவத்தை மட்டும் பெற்றனர். மற்ற குழுவினர் அத்துடன் கட்டமைப்பு ஒருங்கிணைப்பையும் பெற்றனர். 20 வாரங்களின் பின், வலியின் அளவில் இரு குழுக்களுக்குமிடையே புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அன்றாடச் செயல்களைச் செய்வதில் உள்ள இயலாமை மட்டும் ரோல்ஃபிங் பெற்றவர்களிடம் ஓரளவு கூடுதலாகக் குறைந்திருந்தது.

இவ்வகை ஆய்வுகளில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மாத்திரைக்குப் பதிலாக மருந்துப்போலியைக் கொடுத்து ஒப்பிடுவது எளிது. ஆனால் ஒருவரது உடலை ஒரு மணி நேரம் அழுத்திய பின், தாம் பண்டுவம் பெற்றோமா இல்லையா என்பதை அவர் அறியாதவாறு செய்ய இயலாது. எதிர்பார்ப்பு, பண்டுவரின் அக்கறை, ஓய்வு ஆகியவற்றின் பயனைப் பண்டுவத்தின் பயனிலிருந்து பிரித்தறிவது இதனால் கடினமாகின்றது. மேலும், முதுகுவலி பெரும்பாலும் கூடியும் குறைந்தும் வருவது. வலி உச்சத்தில் இருக்கும்போதே மக்கள் பண்டுவத்தை நாடுவதால், அதன் பின் வலி தானாகவே தணிந்தாலும் அது பண்டுவத்தின் வெற்றியாகத் தோன்றக்கூடும். முன்–பின் ஒளிப்படங்களும் வலுவான சான்று ஆகமாட்டா. நிற்கும் விதம், ஒளி, மூச்சு ஆகியவற்றில் ஏற்படும் சிறு மாற்றங்களே படத்தில் பெரிய வேறுபாடாகத் தோன்ற இடமுண்டு.

அரசு மதிப்பாய்வு

ஆஸ்திரேலிய அரசு, தனியார் மருத்துவக் காப்பீட்டில் இடம்பெற்றிருந்த இயற்கைப் பண்டுவ முறைகளை ஆராய்ந்து 2015இல் அறிக்கை வெளியிட்டது. ரோல்ஃபிங் பயன் தருகின்றது என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை என்று அவ்வறிக்கை கூறியது. இதன் தொடர்ச்சியாக, 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் முதல் ரோல்ஃபிங் உள்ளிட்ட 16 முறைகள், அரசின் கட்டணச் சலுகை பெறும் காப்பீட்டுத் திட்டங்களிலிருந்து நீக்கப்பட்டன.

பாதுகாப்பு

உடல்நலமுள்ளவர்களுக்கு ரோல்ஃபிங்கால் பெரும்பாலும் தற்காலிகமான உடல்வலி, கன்றிப்போதல், களைப்பு ஆகியவையே உண்டாகின்றன. மசாஜ் முறைகளின் பாதுகாப்புப் பற்றி 2003இல் வெளியான மதிப்பாய்வு, கடுமையான தீங்குகள் அரிதானவை என்றும், ஆனால் மசாஜ் முற்றிலும் இடரற்றது அன்று என்றும் குறிப்பிட்டது. 1999இல், ஆழ்திசு மசாஜின் பின் கல்லீரலில் குருதிக்கட்டு உண்டான ஒரு நிகழ்வு மருத்துவ இதழில் பதிவானது.

பின்வரும் நிலைகளில் ஆழ்ந்த அழுத்தம் தவிர்க்கப்பட வேண்டும், அல்லது மருத்துவரின் ஒப்புதலுடனேயே மேற்கொள்ளப்பட வேண்டும்:

* கால் சிரைகளில் குருதி உறைந்திருத்தல். கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கு இடர் நேரலாம்.
* குருதி உறையாமைக் கோளாறு, அல்லது குருதி உறைவதைத் தடுக்கும் மருந்துகளை உட்கொள்ளுதல்.
* எலும்புத் தேய்வு, அண்மையில் ஏற்பட்ட எலும்பு முறிவு, அறுவைப் பண்டுவம்.
* புற்றுநோய், குறிப்பாகக் கட்டி உள்ள இடமும் எலும்புக்குப் பரவிய நிலையும்.
* கருவுற்றிருத்தல்.
* முடக்குவாதம் போன்ற மூட்டழற்சி நோய்கள் தீவிரமாக உள்ள காலம்.
* காய்ச்சல், தோல் தொற்று, திறந்த புண்.

முதுகுவலியுடன் கால் மரத்துப்போதல், காலில் வலுவிழப்பு, சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல், காரணமின்றி எடை குறைதல், காய்ச்சல் ஆகியவற்றுள் ஏதேனும் காணப்பட்டால், எந்தக் கைவழிப் பண்டுவத்திற்கும் முன்பாக மருத்துவரை அணுகுதல் இன்றியமையாதது. இத்தகைய அறிகுறிகள் இருக்கும்போது பத்து அமர்வுகள் முடியும் வரை காத்திருப்பதால் இழக்கப்படும் காலமே இம்முறையின் பெரிய இடராக அமையக்கூடும்.

தவறான கருத்துகள்

ஆழ்ந்த அழுத்தம் தசைகளில் தேங்கிய நச்சுப் பொருட்களை வெளியேற்றுகின்றது என்று பரவலாகக் கூறப்படுகின்றது. இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை. உடலின் கழிவுகளை அகற்றும் பணியைக் கல்லீரலும் சிறுநீரகங்களுமே செய்கின்றன. உடற்பயிற்சியின்போது உண்டாகும் லாக்டிக் அமிலமும் தசைகளில் நாட்கணக்கில் தங்குவதில்லை. பயிற்சி முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்திற்குள் அது இயல்பாகவே நீங்கிவிடுகின்றது.

மறைந்துபோன மனக்காயங்கள் திசுப்படலத்தில் சேமிக்கப்பட்டுள்ளன என்றும், அழுத்தும்போது அவை வெளிப்படுகின்றன என்றும் எசலென் காலத்திலிருந்து கூறப்பட்டு வருகின்றது. பண்டுவத்தின்போது சிலர் அழுவதும், பழைய நினைவுகளைப் பேசுவதும் உண்மையே. வலி, தொடுகை, ஓய்வு ஆகியவை உணர்ச்சிகளைத் தூண்டவல்லவை. ஆனால் நினைவுகள் திசுப்படலத்தில் சேமிக்கப்படுகின்றன என்பதற்குச் சான்று இல்லை.

பயன்பாடு

மேற்கண்ட ஆய்வுகளின்படி, ரோல்ஃபிங்கினால் சிலர் பெறும் ஆறுதலை மறுக்க இயலாது. அதேவேளை அது எலும்பமைப்பை நிலையாக மாற்றுகின்றது என்று கூறவும் இயலாது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டலில், புதிதாகத் தோன்றிய கீழ்முதுகு வலிக்கு மருந்துக்கு முன் வெப்ப ஒத்தடம், மசாஜ் முதலியவையும், நாட்பட்ட வலிக்கு உடற்பயிற்சி, யோகம், பல்துறை மறுவாழ்வு முதலியவையும் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் நடைப்பயிற்சி, தசை வலுவூட்டும் பயிற்சிகள் ஆகியவை செலவு குறைந்தவை, தொடர்ந்து செய்யக்கூடியவை.

தசை இறுக்கத்திற்காக ரோல்ஃபிங்கை நாடுபவர்கள், முதலில் ஓரிரு அமர்வுகளை மட்டும் பெற்று, நடத்தல், குனிதல், உறங்குதல் முதலிய அன்றாடச் செயல்களில் மாற்றம் உள்ளதா எனக் கவனித்த பின் தொடர்வது பற்றி முடிவு செய்யலாம். முழுத் தொடருக்கும் முன்கூட்டியே பணம் செலுத்த வேண்டிய தேவை இல்லை.

பண்பாட்டில்

1970களின் அமெரிக்காவில் ரோல்ஃபிங் தன்வளர்ச்சி இயக்கங்களின் அடையாளங்களுள் ஒன்றாக விளங்கியது. 1977இல் வெளிவந்த 'செமி-டஃப்' என்னும் நகைச்சுவைத் திரைப்படத்தில் இம்முறை 'பெல்ஃபிங்' என்ற பெயரில் நையாண்டி செய்யப்பட்டது. அதில் கதைத்தலைவனை அழுத்தி வதைக்கும் பண்டுவராக, புகழ்பெற்ற பாடகியும் நடிகையுமான லோட்டே லென்யா நடித்திருந்தார். ரோல்ஃபிங் என்றாலே வலி என்ற பொதுக்கருத்து அக்காலத்தில் எவ்வளவு பரவியிருந்தது என்பதை இக்காட்சி காட்டுகின்றது.

இவற்றையும் பார்க்கவும்

* இணைப்புத் திசு
* தசை
* மசாஜ்
* இயன்முறை மருத்துவம்
* முதுகுவலி
* யோகாசனம்